கம்ப்யூட்டர் வாங்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்: மெமரியை எடை போடுவது எப்படி?



மிளகாய் வத்தலைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு, நிறம் நிற்குமா என்று சொல்லிவிடுகிறோம். துவரையைப் பல்லில் கடித்தால் போதும், பழசா புதுசா என்று தெரிந்துவிடும். ஆனால் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது மட்டும், விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து வருகிறோம். இதற்கு நானும் விலக்கல்ல.

2023 தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் கூட்டம். பில் போடும் இடத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். பையன் ஒரு சரக்கின் பெயரைத் தட்டிவிட்டுத் திரையையே பார்த்துக் கொண்டிருக்கிறான். "என்ன தம்பி, தூங்குறியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன். "அண்ணாச்சி, நான் தட்டிட்டேன். அதுதான் யோசிக்குது" என்றான். எனக்குக் கோபம்தான் கூடியது. பழைய வாடிக்கைக்காரர் இருவர் பையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் மெக்கானிக் வந்து இரண்டு நிமிடம் பார்த்தார். "மெமரி 4 ஜி.பி.தான் இருக்கு. அது நிரம்பி வழியுது. டிஸ்க்கும் பழைய மாதிரி. பையன் என்ன செய்வான்?" என்றார். எனக்கு விற்றவரோ "1000 ஜி.பி. மெமரி உள்ள மெஷின்" என்று சொல்லித்தான் விற்றிருந்தார். அவர் சொன்னது டிஸ்க்கின் அளவு. நான் மெமரி என்று எண்ணிக்கொண்டேன். ஒரு மெமரித் துண்டும், ஒரு எஸ்.எஸ்.டி.யும் மாற்றினோம். புது மெஷின் விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அதே பையன், அதே மெஷின், பில் பறந்தது.

அன்று நான் கற்றுக்கொண்டதையும், அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் பாடமாக இங்கே தருகிறேன். விருதுநகரில் பலசரக்கு, பருப்பு, எண்ணெய் வியாபாரம் செய்வோருக்கும், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுக் கடை, அச்சகம், காகித வியாபாரம் நடத்துவோருக்கும் இது பயன்படும்.

1. மேஜையும் கிட்டங்கியும்

"மெமரி" என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு பொருள்களுக்குச் சொல்வதால்தான் முதல் குழப்பம் வருகிறது.

கம்ப்யூட்டருக்குள் வேலை செய்பவர் பிராசசர். அவரை நம் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் இருக்கும் மேஜைதான் ராம் என்னும் மெமரி. பின்னால் இருக்கும் கிட்டங்கிதான் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி.

கணக்குப்பிள்ளை எந்தப் பேரேட்டைப் பார்க்க வேண்டுமென்றாலும் அதைக் கிட்டங்கியிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் விரித்துத்தான் பார்க்க முடியும். கரண்டு போனால் மேஜை காலியாகிவிடும். கிட்டங்கியில் வைத்தது அப்படியே இருக்கும். ஆகவே பில்லைச் சேமிப்பது என்றால் மேஜையில் இருப்பதைக் கிட்டங்கியில் கொண்டுபோய் வைப்பது என்று பொருள்.

மேஜை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? நாள்வழியை விரிக்க வேண்டுமானால் பேரேட்டை மடக்கிக் கிட்டங்கிக்கு அனுப்ப வேண்டும். மறுபடி பேரேடு வேண்டுமானால் நாள்வழியை அனுப்ப வேண்டும். நாள் முழுவதும் நடையிலேயே போய்விடும். மெமரி குறைந்த கம்ப்யூட்டரில் நடப்பது இதுவே. திரையில் வட்டம் சுற்றிக் கொண்டிருக்கும்போது, உள்ளே கணக்குப்பிள்ளை கிட்டங்கிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எனவே யாராவது "500 ஜி.பி. மெமரி" என்று சொன்னால், "அண்ணாச்சி, அது டிஸ்க்கா, ராமா?" என்று கேட்க வேண்டும். விலைச்சீட்டில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

2. அளவு வாய்ப்பாடு

படி, மரக்கால், கோட்டை என்று நம் முன்னோர் அளந்தது போலவே இதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. ஓர் ஆங்கில எழுத்து வைக்கும் இடம் ஏறக்குறைய ஒரு பைட். 1024 பைட் ஒரு கே.பி. 1024 கே.பி. ஒரு எம்.பி. 1024 எம்.பி. ஒரு ஜி.பி. 1024 ஜி.பி. ஒரு டி.பி.

இதில் ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று வாங்கி வந்தால், விண்டோஸ் அதை 238 ஜி.பி. என்று காட்டும். 500 ஜி.பி. டிஸ்க்கை 465 என்றும், 1 டி.பி.யை 931 ஜி.பி. என்றும் காட்டும். விற்றவர் எடை குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். டிஸ்க் தயாரிப்பவர்கள் 1000-ஆல் பெருக்கிக் கணக்குச் சொல்கிறார்கள். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. சரக்கு ஒன்றுதான், படிதான் வேறு.

ராம் விஷயத்தில் இந்த வேறுபாடு கிடையாது. 8 ஜி.பி. என்றால் 8 ஜி.பி.தான் காட்ட வேண்டும். ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் திரைக்காகச் சிறு பங்கு ஒதுக்கப்படும். அதனால் "பயன்படுத்தக் கூடியது" என்று சற்றுக் குறைவாகக் காட்டலாம். இது இயல்பானது. ஆனால் 4 ஜி.பி. மெஷினில் 3.2, 3.5 என்று காட்டினால், பழைய 32-பிட் விண்டோஸ் ஏற்றப்பட்டிருக்கலாம். 32-பிட் விண்டோஸ் 4 ஜி.பி.க்கு மேல் மெமரி இருந்தாலும் பயன்படுத்திக் கொள்ளாது. அதில் ராம் கூட்டினால் காசுதான் வீண்.

3. நமக்கு எவ்வளவு மெமரி வேண்டும்?

1995-ல் விண்டோஸ் 95 வெளிவந்தபோது, குறைந்தபட்சம் 4 எம்.பி. ராம் வேண்டும் என்றார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. வேண்டும். சரியாக 1024 மடங்கு. இந்தக் குறைந்தபட்ச அளவை நம்பி யாரும் வாங்கக் கூடாது. அது வண்டி நகர்வதற்கான அளவு மட்டுமே. சுமை ஏற்றுவதற்கான அளவு வேறு.

நம் கடையில் ஒரே நேரத்தில் என்னென்ன திறந்திருக்கிறது என்று பாருங்கள். பில் போடும் மென்பொருள், ஜி.எஸ்.டி. தளம், ஈ-வே பில் தளம், பேங்க் தளம், வாட்ஸ்அப்பில் ஆர்டர், விலைப்பட்டியல் போட்ட எக்செல், கூடவே வைரஸ் தடுப்பு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு, இன்டர்நெட் தளம் திறக்காமல் கடைக் கணக்கு நடப்பதில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் வணிகர்கள் பிற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு ஈ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும் என்றும் ஆனது. கணக்கு மென்பொருளைவிட இந்த இன்டர்நெட் பக்கங்கள்தான் மெமரியை அதிகம் விழுங்குகின்றன. பத்துப் பக்கம் திறந்து வைத்தால் மேஜை நிறைந்துவிடும்.

ஆகவே என் கணிப்பு இது:

பில் மட்டும் போடும் ஒரே கவுண்டருக்கு 8 ஜி.பி. போதும். 4 ஜி.பி. மெஷினைப் புதிதாக வாங்கவே வேண்டாம்.

கணக்கு, ஜி.எஸ்.டி., ஈ-இன்வாய்ஸ், வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றில் நடக்கும் மொத்த வியாபாரக் கடைக்கும், மூன்று நான்கு கவுண்டர்களுக்குத் தகவல் கொடுக்கும் தலைமை மெஷினுக்கும் 16 ஜி.பி. நல்லது.

சிவகாசியில் காலண்டர், லேபிள், பட்டாசுப் பெட்டி டிசைன் செய்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. படங்களை வைத்து வேலை செய்பவருக்கு 16 தொடக்கம், 32 வசதி.

ஓர் ஒப்பீடு வேண்டுமானால், கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் வாங்க 2025-ல் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் டெண்டர் கோரியபோது கேட்டது 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாணவருக்கு அந்த அளவு என்றால், பத்துப் பேர் வரிசையில் நிற்கும் கடைக்கு அதைவிடக் குறைத்து வாங்குவது சிக்கனம் ஆகாது.

4. கிட்டங்கி பெரிதாக இருக்க வேண்டாம். பக்கத்தில் இருக்க வேண்டும்

"1 டி.பி. டிஸ்க்" என்றதும் நமக்கு ஒரு மயக்கம் வருகிறது. நமக்கு எவ்வளவு இடம் தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாளொன்றுக்கு 300 பில். ஒரு பில்லில் 10 வரி. ஒரு வரிக்குத் தாராளமாக 500 பைட் என்று வையுங்கள். நாளொன்றுக்கு 15 லட்சம் பைட், அதாவது ஏறக்குறைய ஒன்றரை எம்.பி. வருடம் 360 நாள் கடை திறந்தால் 540 எம்.பி. எட்டு வருடக் கணக்கும் சேர்ந்தாலும் 5 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். விண்டோஸ், மென்பொருள்கள் எல்லாம் சேர்ந்தாலும் 256 ஜி.பி. நம் கடைக்குத் தாராளம். கேமராப் பதிவை இதில் வைக்கக் கூடாது. அதற்கென்று தனிப் பெட்டி உண்டு.

எனவே டிஸ்க்கில் பார்க்க வேண்டியது அளவை அல்ல, வகையை. பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. ஊசி போன்ற ஒன்று நகர்ந்து போய்த் தகவலைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறக்குறைய நூறில் ஒரு விநாடி ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அதே தேடலை அது நூறு மடங்கு விரைவாகச் செய்துவிடும். சரக்குப் பெயர், விலை, இருப்பு, வாடிக்கைக்காரர் பாக்கி என்று ஒரு பில்லுக்கே பல சிறு தேடல்கள் நடப்பதால், இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே ஒரே விலையில் 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கும், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு எஸ்.எஸ்.டி.யை எடுங்கள். ஊருக்கு வெளியே உள்ள பெரிய கிட்டங்கியைவிட, கடைக்குப் பின்னாலேயே உள்ள சின்ன அறைதானே வியாபார நேரத்துக்கு உதவும்!

5. ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

"ஐ5 மெஷின் அண்ணாச்சி, ஐ3 இல்லை" என்று சொல்லி விற்பது வாடிக்கை. ஐ5 என்பது பிராண்டின் தரம் மட்டுமே. எந்த வருடத்துச் சரக்கு என்பது அதற்கடுத்த எண்ணில் இருக்கிறது. ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. பெயரில் சின்னதான இந்த ஐ3, அந்தப் பழைய ஐ5-ஐ எல்லா வேலையிலும் முந்திவிடும். "குண்டூர் மிளகாய்" என்று சாக்கில் அச்சடித்திருந்தால் மட்டும் போதுமா? எந்த வருடத்து வரத்து என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

பழைய பிராசசரைப் புதிய பளபளப்பான பெட்டியில் போட்டு, புது மெஷின் என்றே விற்பதும் நடக்கிறது. அதில் இருக்கும் மெமரி டி.டி.ஆர்.3 வகையாக இருக்கும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 மூன்றும் மூன்று வகைச் சாவிகள். ஒன்றின் பூட்டில் மற்றொன்று நுழையாது. வெட்டுக் குறியே வேறு இடத்தில் இருக்கும். டி.டி.ஆர்.3 மெஷின் வாங்கினால் நாளைக்கு மெமரி கூட்ட வேண்டுமென்றால் பழைய சரக்கைத் தேடித்தான் அலைய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசசரும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏ.எம்.டி. ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து பெரும்பாலானவை பொருந்தும். பேங்க் கணக்கையும், ஜி.எஸ்.டி. கடவுச்சொல்லையும் வைத்திருக்கும் கடை மெஷின் திருத்தம் வராத விண்டோஸில் ஓடுவது, ஷட்டரை இறக்கிவிட்டுப் பூட்டாமல் போவது போன்றது. விலை மலிவு என்று பழைய தலைமுறை மெஷினை எடுக்குமுன் இதை யோசியுங்கள்.

6. மெமரிக்கும் சந்தை விலை உண்டு

விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நாளிதழில் வரும் ஊர் நம் ஊர். விலை ஏன் ஏறுகிறது, இறங்குகிறது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெமரியும் அப்படி ஒரு சரக்குதான். உலகில் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பெரிய நிறுவனங்களே பெரும்பங்கு மெமரிச் சில்லுகளைச் செய்கின்றன. ஓரிடத்தில் தும்மினால் எல்லா ஊரிலும் ஜலதோஷம்.

1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா என்ற ஊரில், சில்லுகளை மூடப் பயன்படும் பிசின் செய்யும் சுமிட்டோமோ தொழிற்சாலையில் வெடிவிபத்து ஏற்பட்டது. உடனே உலகெங்கும் மெமரி விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவானில் நிலநடுக்கம் வந்தபோதும் விலை ஏறியது. 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் சில்லறைச் சந்தையில் விலை கடுமையாக உயர்ந்தது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குரூஷியல் என்ற தன் சில்லறைப் பிராண்டிலிருந்து விலகுவதாகவே அறிவித்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது இரண்டு.

ஒன்று: மெமரி விலை ஏறிய காலத்தில், மெஷினின் மொத்த விலையை ஏற்றாமல் உள்ளே மெமரியைக் குறைத்து விற்பார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் விலை அதேதான், கிராம் குறைகிறதே, அந்த வழிதான். ஆகவே மொத்த விலையை மட்டும் பார்க்காமல் ராம் எத்தனை ஜி.பி. என்று முதலில் பாருங்கள்.

இரண்டு: நாளைக்குக் கூட்டுவதற்கு வழி வைத்து வாங்குங்கள். போர்டில் இரண்டு ஸ்லாட் இருந்தால், 8 ஜி.பி.யை ஒரே துண்டாகப் போட்டு மற்றொன்றைக் காலியாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு 4 ஜி.பி. துண்டு போட்டால் வேகம் சற்றுக் கூடும் என்பது உண்மையே. ஆனால் பின்னால் 16 ஆக்க வேண்டுமென்றால் இரண்டையும் கழற்றி ஒதுக்க வேண்டிவரும். பில் போடும் வேலைக்கு அந்தச் சிறு வேகத்தைவிடக் காலி ஸ்லாட்தான் லாபம். சில சிறிய பெட்டிகளில் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கூட்டவே முடியாது. வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. விலை வேறு, மதிப்பு வேறு

கணக்குக்காக இரண்டு விலைச்சீட்டு எடுத்துக்கொள்வோம்.

முதல் சீட்டு: பழைய தலைமுறை ஐ5, டி.டி.ஆர்.3 மெமரி 8 ஜி.பி., 1 டி.பி. ஹார்டு டிஸ்க். விலை ரூ.21,000.

இரண்டாம் சீட்டு: 12-ஆம் தலைமுறை ஐ3, டி.டி.ஆர்.4 மெமரி 8 ஜி.பி. ஒரே துண்டு, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விலை ரூ.26,000.

முதல் சீட்டில் ரூ.5,000 மிச்சம் போலத் தெரிகிறது. ஆனால் அந்த மெஷின் இரண்டு வருடத்தில் ஒதுங்கினால் வருடச் செலவு ரூ.10,500. இரண்டாவது மெஷினுக்கு இடையில் ரூ.3,000-க்கு மெமரி கூட்டி ஆறு வருடம் ஓட்டினால், மொத்தம் ரூ.29,000, வருடச் செலவு ரூ.4,833. மலிவானது எது?

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஒரு பில்லுக்கு 15 விநாடி தாமதம். 240 பில்லுக்கு 3,600 விநாடி. அதாவது ஒரு மணி நேரம். சாதாரண நாளில் அது தெரியாது. பங்குனிப் பொங்கல் நேரத்திலும், சிவகாசியில் வெளியூர்க் கார்கள் வரிசையில் நிற்கும் தீபாவளிக்கு முந்தின நாள்களிலும் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெறும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து வரி. கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதம். ரூ.25,000 மெஷினுக்கு வரி ரூ.4,500, பில் தொகை ரூ.29,500. "பில் இல்லாமல் 27,000-க்குத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் ரூ.2,500 லாபம் என்று தோன்றும். ஆனால் சாதாரண முறையில் பதிவுபெற்ற வணிகர், தம் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கிக் கடைக்குப் பயன்படுத்தினால், அந்த ரூ.4,500-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு நிகர அடக்கம் ரூ.25,000தான். பில் இல்லாமல் வாங்கியவருக்கு ரூ.27,000. வாரண்டியும் கிடையாது. வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதம் தேய்மானம் கழிக்கலாம். அதற்கும் பில் வேண்டும். உள்ளீட்டு வரியாக எடுத்த தொகைக்கு மறுபடி தேய்மானம் எடுக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்க. காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு உள்ளீட்டு வரி இல்லை. ஆனாலும் வாரண்டிக்காகவாவது பில் வாங்குங்கள்.

8. கடையிலேயே பரீட்சை

பணம் கொடுக்குமுன் மெஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள்.

மெமரி என்பதைத் தொட்டால் மொத்தம் எத்தனை ஜி.பி., இப்போது எவ்வளவு பயன்படுகிறது, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியுள்ளது என்று காட்டும். சி.பி.யு. என்பதைத் தொட்டால் பிராசசரின் முழுப்பெயரும் எண்ணும் வரும். டிஸ்க் என்பதில் எஸ்.எஸ்.டி.யா, ஹெச்.டி.டி.யா என்று எழுதியிருக்கும். இந்த மூன்றையும் விலைச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

இப்போது உங்கள் கடையில் இருக்கும் பழைய மெஷினிலும் இதைச் செய்து பாருங்கள். வியாபார நேரத்தில் எல்லாம் திறந்திருக்கும்போது மெமரி 85 சதத்துக்கு மேலேயே நின்றால், மேஜை போதவில்லை என்று பொருள். டிஸ்க் 100 சதத்திலேயே நின்றால், கிட்டங்கி நடை அதிகம் என்று பொருள். புது மெஷின் வாங்குமுன், மெமரியும் எஸ்.எஸ்.டி.யும் மட்டும் மாற்றினால் போதுமா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள். இரண்டும் குறைவாகவே இருந்து, மெஷின் மட்டும் மெதுவாக இருந்தால், பிராசசர் பழசு அல்லது வைரஸ் என்று சந்தேகிக்கலாம்.

9. நம் ஊர்த் தூசியும் நம் ஊர்க் கரண்டும்

மிளகாய் நெடியும், பருப்புத் தவிடும், மாவும் கம்ப்யூட்டரின் மின்விசிறியில் போய்ப் படியும். காற்று அடைபட்டால் சூடு ஏறி மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியைத் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்துக்கு மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கரண்டைத் துண்டித்துவிட்டுத் தூசி ஊதச் சொல்லுங்கள்.

மெஷின் திடீரென்று உயிர் வராமல் பீப் பீப் என்று கத்தினால், உடனே போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரங்களில் ராம் துண்டு ஸ்லாட்டில் சரியாக உட்காததும், அதன் பொன்னிறப் பற்களில் அழுக்குப் படிந்ததும்தான் காரணம். கழற்றி, அழிரப்பரால் மெல்லத் துடைத்து, திரும்ப அழுத்திப் போட்டாலே சரியாகிவிடும். "போர்டு மாற்ற வேண்டும்" என்று சொல்பவரிடம், "முதலில் ராமைத் துடைத்துப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

யு.பி.எஸ். இல்லாமல் கடை மெஷினை ஓட்டக் கூடாது. பில் சேமிக்கும் நேரத்தில் கரண்டு போனால் கணக்குக் கோப்பே கெட்டுப்போகக் கூடும். பட்டாசு வணிகர்கள் கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., பேட்டரி எதையும் சரக்கு இருப்பு அறைக்குள் வைக்கவே கூடாது. தனி அலுவலக அறையில், லைசென்ஸ் நிபந்தனைகளைப் பார்த்து வையுங்கள்.

எவ்வளவு நல்ல டிஸ்க்கும் ஒருநாள் போகும். எஸ்.எஸ்.டி. போனால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இல்லாமல் போகும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கலுக்கு உரிய தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். ஆகவே தினமும் கடை அடைக்குமுன் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதம் ஒரு நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். எழுதிய நகலைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு "1 டி.பி. பென் டிரைவ்" என்று விற்பதை நம்பிக் கணக்கை அதில் வைக்காதீர்கள். அளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் அவற்றில் உண்டு.

10. வாங்கப் போகும்போது கேட்க வேண்டியவை

இதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

1. ராம் எத்தனை ஜி.பி.? டி.டி.ஆர். எத்தனை?
2. ஒரே துண்டா, இரண்டா? காலி ஸ்லாட் உண்டா?
3. டிஸ்க் எஸ்.எஸ்.டி.யா, ஹார்டு டிஸ்க்கா?
4. பிராசசரின் முழு எண் என்ன? எந்தத் தலைமுறை?
5. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா? லைசென்ஸ் விலையில் சேர்ந்ததா?
6. புதியதா, புதுப்பித்ததா? எழுதித் தருவீர்களா?
7. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி எத்தனை வருடம்? யார் தருவது?
8. பாகங்களின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதுவீர்களா?
9. என் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் உண்டா?
10. பழுதானால் கடைக்கே வந்து பார்ப்பீர்களா? எத்தனை நாளில்?

இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் நூறு இருநூறு கூடுதலானாலும் வாங்கலாம். மழுப்புபவரிடம் இனாமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. புது மெமரி போட்ட அன்று மாலை, கடை அடைத்தபின் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தப்பு உன்மேல இல்லப்பா, நான் வாங்கின மெஷின்மேல" என்று சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "அத அன்னைக்கே சொன்னேனே அண்ணாச்சி" என்றான். உண்மைதான், அன்றே சொன்னான். கவுண்டரில் நாள் முழுவதும் அந்தத் திரையைப் பார்ப்பவன் அவன்தான். ஆகவே அடுத்த முறை மெஷின் வாங்கப் போகும்போது, இந்தப் பட்டியலோடு அவனையும் கூட அழைத்துப் போங்கள்.